பத்திரிகையில் இல்லாதவர்கள்

ஆகஸ்ட் 5, திங்கள்

காலையில் மதுரையிலிருந்து சுபாஷினி போன் செய்தாள். ஏழு வாரம் என்றாள். அவள் அம்மா தங்கபுஷ்பம் போனை வாங்கி வாந்தி இருக்கிறதா, சாப்பிட முடிகிறதா என்று கேட்டுவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். மகள் உண்டாகியிருக்கிறாள் என்றால் சந்தோஷப்பட வேண்டும். மூன்று பேருக்கும் அது வரவில்லை.

போன வருடம் ஏப்ரலில் அவளுடைய முதல் குழந்தை மிருதுளா பிறந்த ஏழாவது மாதத்தில் போய்விட்டது. நிமோனியா என்று எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு முன்பே குழந்தைக்குக் கழுத்து நிற்கவில்லை. கை கால் துவண்டு கிடந்தது. ஏன் என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. இந்த முறை பரம்பரை நோய்களுக்கென்றே படித்த ஒரு டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். பெயர் ஃபர்ஹானா. அவர் முதலில் கேட்டது ரத்தத்தை அல்ல, வம்சாவளியை. இரண்டு பக்கமும் மூன்று தலைமுறை, முடிந்தால் நான்கு. குடும்பத்தில் இதற்கு முன் இப்படி ஒரு குழந்தை இருந்ததா, அதற்கு என்ன நோய் என்று தெரிந்தால் வயிற்றில் இருப்பதைப் பன்னிரண்டாவது வாரத்தில் சோதித்துப் பார்த்துவிடலாமாம். தெரியாவிட்டால் எதைத் தேடுவது?

“நீங்க ரிட்டயர் ஆகி சும்மாதானப்பா இருக்கீங்க. நீங்கதான் எழுதித் தரணும். இருபத்தாறாம் தேதி அப்பாயின்ட்மென்ட், நீங்களும் வந்துருங்க” என்றாள்.

சும்மா இருக்கிறேன் என்று யார் சொன்னது? போர் மோட்டார் காயில் எரிந்து மூன்று நாளாகிறது. எலக்ட்ரீஷியன் இன்று வருகிறேன் என்றார். இன்றும் வரவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

வாட்ஸ்அப்பில் ஒரு தாள் வந்தது. எப்படி வரைய வேண்டும் என்று டாக்டர் கொடுத்த குறிப்பு. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். எங்கள் குடும்பத்து ஆண்களின் வயிற்றைப் பார்த்திருந்தால் மாற்றிப் போட்டிருப்பார்கள். இறந்தவர் என்றால் குறுக்கே ஒரு கோடு. கணவன் மனைவிக்கு நடுவே ஒற்றைக் கோடு. சொந்தத்தில் கட்டியிருந்தால் இரட்டைக் கோடு.

முப்பத்தாறு வருடம் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவனுக்கு இது ஒரு வேலையே இல்லை. சார்ட் பேப்பர், ஸ்கேல், பென்சில் வாங்கி வந்தேன். மாலையில் எலக்ட்ரீஷியன் வந்து மோட்டாரைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார். எப்போது திரும்பி வரும் என்றதற்கு “பாக்கலாம் சார்” என்றார்.

ஆகஸ்ட் 8, வியாழன்

நான் எதையும் தூக்கிப் போடுகிறவன் இல்லை. பரணில் இரண்டு கட்டுப் பத்திரிகைகள் இருக்கின்றன. ஒன்று கல்யாணம், ஒன்று காரியம். ஐம்பது வருடத்துக் காகிதம். வம்சாவளியைத் தொடங்க இதைவிட நல்ல வழி கிடையாது. கல்யாணப் பத்திரிகையில் தாத்தா பாட்டியில் தொடங்கித் தாய்மாமன்வரை எல்லார் பெயரும் இருக்கும்; போய்ச் சேர்ந்தவர் பெயருக்குப் பக்கத்தில் ‘லேட்’ என்று இருக்கும். பதினாறாம் நாள் காரியப் பத்திரிகையில் இறந்த தேதியே கிடைத்துவிடும். சொந்தக்காரர்களிடம் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அச்சடித்தது அப்படியே நிற்கும்.

“அதுல எல்லாரும் இருப்பாகளா மாமா?” என்று தங்கபுஷ்பம் கேட்டாள். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

இருப்பார்கள் என்றேன். அவள் வேறொன்றும் கேட்கவில்லை. கட்டு முழுக்கக் கரப்பான் எச்சம். துடைத்து அடுக்கவே மத்தியானம் ஆகிவிட்டது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

வரைய ஆரம்பித்ததும் தெரிகிறது, எங்கள் குடும்பம் மரம் மாதிரி மேலே போய்க் கிளை விடவில்லை. பெரிய ஜங்ஷனின் யார்டு மாதிரி இருக்கிறது. போன கோடு வளைந்து அதே தண்டவாளத்தில் வந்து சேர்கிறது.

தங்கபுஷ்பம் எனக்கு அக்கா மகள். அதனால்தான் என்னை மாமா என்கிறாள். என் அக்கா செல்லக்கனியே எனக்கு மாமியார். என் அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். சுபாஷினியைக் கட்டியிருக்கும் மகேந்திரன், தங்கபுஷ்பத்தின் அண்ணன் மகன். அதாவது என் அக்காவுக்குப் பேரன். அக்கா இப்போது இல்லை. இருந்திருந்தால், எத்தனை பக்கமிருந்து தன் மேல் கோடு வந்து விழுகிறது என்று பார்த்துச் சிரித்திருப்பாள். இரட்டைக் கோடு மட்டும் ஆறு போட்டிருக்கிறேன்.

சுபாஷினி விலங்கியல் படித்தவள். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. ஐந்து வருடத்துக்கு முன்பு மகேந்திரனைப் பேசியபோது அவள் ஒரு கேள்வி கேட்டாள். சொந்தத்தில் கட்டினால் குழந்தைகளுக்குக் கோளாறு வரும் என்கிறார்களே, நம் குடும்பத்தில் அப்படி ஏதாவது உண்டா என்று. “நம்ம குடும்பத்துல அப்படி ஒண்ணும் கிடையாது” என்று எல்லார் முன்னிலையிலும் நான்தான் சொன்னேன். தங்கபுஷ்பம் காபி போட உள்ளே போய்விட்டாள். ஒரு தகப்பனாக அன்றைக்கு என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொன்னேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

முடிந்தது. மொத்தம் நாற்பத்தேழு பேர். பெயர், பிறந்த வருடம், இறந்த வருடம் எல்லாம் மையில் எழுதியாகிவிட்டது. மிருதுளாவைத் தவிர ஐம்பது வயதுக்குக் கீழே இறந்தவர் ஒருவர்கூட இல்லை. கெட்டி உடம்புக் குடும்பம். படம் எடுத்துச் சுபாஷினிக்கு அனுப்பினேன்.

தங்கபுஷ்பம் பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள். எங்கள் இருவரையும் சேர்க்கும் இரட்டைக் கோட்டிலிருந்து கீழே ஒரே ஒரு கோடு இறங்குகிறது. அதன் முனையில் சுபாஷினியின் வட்டம். அதை விரலால் தொட்டுவிட்டுப் போனாள். ஈரக்கை. மை லேசாகக் கலைந்துவிட்டது. மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

“டாக்டர் பாத்தாங்கப்பா. ரொம்ப அழகா இருக்குன்னாங்க” என்றாள் சுபாஷினி. குரலில் ஒரு இழுப்பு. “ஆனா ஒண்ணு கேட்டாங்க. நாப்பத்தேழு பேர்ல மிருதுவைத் தவிர ஒரு குழந்தைகூடவா சாகல? ஆயிரத்தித் தொள்ளாயிரத்து நாப்பதுல, அம்பதுலகூடவா? அப்படி ஒரு குடும்பம் தமிழ்நாட்டுலயே இருக்காதுங்கிறாங்க.”

எனக்குச் சுருக்கென்றது. மூன்று நாள் குனிந்து வரைந்ததற்கு இதுவா மரியாதை? பிறகு பத்திரிகைகளை மறுபடி பரணில் ஏற்றும்போதுதான் உறைத்தது. பால் மறக்காத பிள்ளை செத்தால் யார் பத்திரிகை அடிக்கிறார்கள்? காரியம் கிடையாது, எரிப்பது கிடையாது, வருடத் திவசம் கிடையாது. ஒரு துணியில் சுற்றிக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்து குளிப்பார்கள். அடுத்த நாள் அவரவர் வேலை. அப்பா காலத்தில் போட்டோவும் கிடையாது. நான் அவர்களைத் தேடியது, அவர்கள் இருக்கவே முடியாத இடத்தில்.

வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டு உறுதி செய்யாமல் அடுத்த வண்டி வரலாம் என்று நான் ஒரு நாளும் லைன் கிளியர் கொடுத்ததில்லை. இதில் கொடுத்துவிட்டேன். தப்புதான்.

ஆகஸ்ட் 14, புதன்

எட்டுப் பேருக்குப் போன் போட்டேன். எட்டுப் பேரும் ஏறக்குறைய ஒரே பதில். “அதையெல்லாம் இப்ப எதுக்குக் கிண்டுறீங்க? பொண்ணு வயித்துல பிள்ளைய வச்சிருக்கா, நல்லதப் பேசுங்க.” ஒருவர் மட்டும், அருப்புக்கோட்டையில் ராஜகனி மதினி, “நேர்ல வாங்க தம்பி” என்றார். காலமான என் அண்ணனின் மனைவி. அம்மாவின் அண்ணன் மகள் வேறு. அதனால் குழந்தையிலிருந்தே எங்கள் வீட்டில் வளைய வந்தவர். வயது எழுபத்தேழு. நாக்குக்கு இன்னும் பதினேழு.

மோட்டார் வரவில்லை. லாரித் தண்ணீர்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

காலை பஸ்ஸில் அருப்புக்கோட்டை. மதினி மாடியில் தனியாக இருக்கிறார். போனதும் நோட்டையும் பேனாவையும் எடுத்தேன்.

“என்ன, சென்சஸா?” என்றார். “உங்க அம்மா பெத்தது எத்தனைன்னு தெரியுமா தம்பி?”

“மூணு. அண்ணன், அக்கா, நான்.”

“ஆறு. அதுல ஒண்ணு பிறந்தன்னிக்கே போயிருச்சு. அக்காவுக்கும் உங்களுக்கும் நடுவுல ரெண்டு ஆம்பளப் பிள்ளைக. ரெண்டும் ஒரே மாதிரி. சிரிக்கும், முகத்தப் பாக்கும், ஆனா கழுத்து நிக்காது. ரெண்டாவது பிள்ளைய நான்தான் தூக்கி வச்சிருப்பேன். எனக்கு ஏழு வயசு. தலை துணி மாதிரித் தொங்கும். கீழ போட்டுருவேன்னு பயந்து உங்க அம்மா பிடுங்கிக்கிரும்.”

“என்ன நோய்னு சொன்னாங்க?”

“பட்சி தோஷம்னாக. பறவை நெழல் பட்டுருச்சாம். அந்தக் காலத்துல எல்லாப் பிள்ளைக்கும் அதான நோயி? வயித்தால போனாலும் பட்சி தோஷம், காய்ச்சல்னாலும் பட்சி தோஷம். இதுவும் அதுவும் ஒண்ணான்னு நான் எப்பிடிச் சொல்ல?”

பெயர் கேட்டேன். ஒன்றுக்கு வைக்கவே இல்லையாம். இன்னொன்றைத் தங்கம் என்று கூப்பிட்டார்களாம். எழுதிக்கொண்டேன். அறுபத்தாறு வயதில் எனக்கு இரண்டு அண்ணன்மார் கிடைத்திருக்கிறார்கள். அம்மா என்னிடம் ஒரு நாளும் இதைச் சொன்னதில்லை. நான் மூன்று வயதுவரை நடக்காமல் இடுப்பிலேயே இருந்தேன் என்று மட்டும் பெருமையாகச் சொல்வாள். இறக்கிவிடாமல் வைத்திருந்தது ஏன் என்று இப்போது தெரிகிறது.

நோட்டை மூடியபோது மதினி இன்னொன்றும் கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டேன். காராச்சேவு ஒரு பாக்கெட் கொடுத்தனுப்பினார்.

ஆகஸ்ட் 17, சனி

மோட்டார் வந்தது. தண்ணீர் நன்றாக ஏறுகிறது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

புதிய சார்ட் போட்டேன். என் அம்மா அப்பாவுக்குக் கீழே மூன்று பேரைச் சேர்த்துக் குறுக்கே கோடு போட்டேன். மொத்தம் ஐம்பது. சுபாஷினிக்கு அனுப்பினேன். “சூப்பர்ப்பா, இது ரொம்ப உதவும்” என்று பதில் போட்டாள். ஒரு கைகூப்பு, ஒரு சிரித்த முகம்.

தங்கபுஷ்பம் இந்த முறை பார்க்க வரவில்லை. கூப்பிட்டேன். “அடுப்புல வேலை இருக்கு” என்றாள். மணி மூன்று. அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

டாக்டர் பார்த்துவிட்டார். சந்தேகப்பட இடம் இருக்கிறது, ஆனால் போதாது என்கிறார். எழுபது வருடத்துக்கு முந்திய கதை, டாக்டர் யாரும் பார்த்ததில்லை, ஏழு வயதுப் பெண்ணின் ஞாபகம். கழுத்து நிற்காமல் போவதற்குப் பத்துப் பன்னிரண்டு நோய்கள் உண்டாம். எல்லாவற்றையும் ஒன்றாகத் தேடும் பரிசோதனையும் இருக்கிறதாம். முடிவு வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும், அதற்குள் காலம் கடந்துவிடும். மிருதுளாவின் ரத்தத்தை யாரும் எடுத்து வைக்கவில்லை. ஸ்கேனில் இது தெரியாது.

“பக்கத்துத் தலைமுறையில, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் டாக்டர் ஏதாவது எழுதிக் குடுத்த மாதிரி ஒரு கேஸ் இருந்தாப் போதுமாம்ப்பா. அதை மட்டும் வச்சு எங்க ரெண்டு பேரையும் டெஸ்ட் பண்ணிருவாங்க. பத்தே நாள்.” என்றாள் சுபாஷினி. “இன்னொரு தடவை என்னால முடியாதுப்பா. மிருது மூச்சு விடக் கஷ்டப்பட்டது இன்னும் காதுல கேக்குது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வேற யாருமே இல்லையா?”

“இல்ல” என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. பழக்கம்.

ஆகஸ்ட் 21, புதன்

அருப்புக்கோட்டையில் மதினி கடைசியாகக் கேட்டது இது: “உங்க பிள்ளைய எழுதிட்டீகளா தம்பி?”

விவரம் பின்வருமாறு. எங்களுக்கு முதலில் ஓர் ஆண் குழந்தை. 1987 ஜூலையில் பிறந்தது. அப்போது எனக்குச் சாத்தூருக்குத் தெற்கே ஒரு சின்ன ஸ்டேஷனில் வேலை. குவார்ட்டர்ஸில் நாங்கள் இருவர்தான். நான்கு மாதமாகியும் கழுத்து நிற்கவில்லை. மதுரை ரயில்வே ஆஸ்பத்திரியில் காட்டி, அங்கிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். சென்னை டாக்டர் ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு ஒரு தாளில் நோயின் பெயரை எழுதிக் கொடுத்தார். சொந்தத்தில் கட்டிய குடும்பங்களில் அதிகம் வருவது என்றார். இனிப் பிறக்கிற ஒவ்வொன்றுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்றார். பிழைத்து வருகிற பிள்ளையை மறுபடியும் சொந்தத்தில் கொடுத்துவிடாதீர்கள் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். 1988 பிப்ரவரியில் குழந்தை இறந்தது. சொந்தக்காரர்களிடம் காய்ச்சல் என்று சொன்னேன். அடுத்த மாதமே மாற்றல் கேட்டு வாங்கினேன். ஐந்து வருடம் கழித்துச் சுபாஷினி.

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவில்லை. நான் எடுக்கவில்லை என்று எழுதுவதுதான் சரி.

மகேந்திரனைப் பேசியபோது டாக்டர் சொன்னது எனக்கு மறந்திருந்தது என்று எழுதினால் பொய். ஞாபகம் இருந்தது. நல்ல பையன், குடிக்காதவன், கண்ணெதிரே வளர்ந்தவன். அவனுடைய அப்பா, என் மச்சினன், வீடு தேடி வந்து கேட்டார். வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் முப்பது வருடம் மூடி வைத்ததைத் திறக்க வேண்டும். நான்கில் ஒரு பங்கு என்றால் மூன்று பங்கு நல்லதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த ஒரு பங்குதான் மிருதுளா.

ஆகஸ்ட் 22, வியாழன்

தேங்காய் வெட்டும் ஆள் வந்தார். நாற்பத்திரண்டு காய்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

சுபாஷினிக்குச் சொல்லாமலேயே டாக்டருக்கு மட்டும் தனியாகச் சொல்லிவிட முடியுமா என்று யோசித்தேன். ஆஸ்பத்திரி நம்பருக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்து, நோயாளியின் பெயர், நீங்கள் யார் என்று கேட்டது. வைத்துவிட்டேன்.

அந்தத் தாளை எப்போதோ கிழித்துப் போட்டுவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். நோயின் பெயரும் சரியாக ஞாபகமில்லை. தாள் இல்லாமல் சொல்லி என்ன ஆகப்போகிறது, அவள் மனது உடைவதுதான் மிச்சம். இப்படி ஒரு சமாதானமும் இருக்கிறது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

காலைப் பலகாரம் ஆன பிறகு தங்கபுஷ்பம் உள்ளே போனாள். பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறை எடுத்து வந்து சார்ட்டின் மேல் வைத்தாள். மடிப்பு பழுத்து, நான்காக மடித்த தாள். அதே தாள்.

“நீங்க கிழிச்சுக் குப்பைக் கூடையில போட்டீக. நான் எடுத்து ஒட்டி வச்சேன்” என்றாள். பின்பக்கம் முழுக்கச் செலோடேப், மஞ்சளாகியிருந்தது.

டேப்பை விரலால் தடவிப் பார்த்தேன்.

“அன்னிக்குச் சுபா கேட்டப்ப நான் அடுப்படிக்குள்ள போயிட்டேன். நீங்க பேசுவீக, பேசுவீகன்னு நின்னேன். பேசிட்டீக. நான் வெளிய வந்து அது பொய்னு சொல்லியிருக்கணும். சொல்லல. மிருதுவுக்குக் கழுத்து நிக்கலைன்னதும் எனக்குத் தெரிஞ்சு போச்சு. அப்பவும் வாயத் திறக்கல. உங்களை மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன் மாமா. ஆனா இந்தப் பிள்ளையும் போனா நான் மனுசியா இருக்க மாட்டேன்.”

முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அவள் இவ்வளவு நீளமாக என்னிடம் பேசியதில்லை.

“நாளைக்கு நானும் மதுரைக்கு வர்றேன். நீங்க குடுக்கிறீகளா, நான் குடுக்கவா?”

நான் கொடுக்கிறேன் என்றேன். பயமாக இருக்கிறது. அதிகாரிகள் விசாரணைக்குக் கூப்பிட்டபோதுகூட எனக்கு இப்படி இருந்ததில்லை.

ஆகஸ்ட் 26, திங்கள்

காலை வண்டியில் மதுரை. ஆஸ்பத்திரி வாசலில் சுபாஷினியும் மகேந்திரனும் நின்றிருந்தார்கள். அம்மாவும் வந்ததைப் பார்த்துச் சுபாஷினிக்கு ஆச்சரியம். கொஞ்சம் இளைத்திருக்கிறாள்.

டாக்டர் ஃபர்ஹானாவுக்கு முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். சார்ட்டை மேஜையில் விரித்து, “சார், இதை எங்க மாணவர்களுக்குக் காட்டப்போறேன்” என்றார். நான் அவரிடம் பென்சில் கேட்டு வாங்கினேன். எனக்கும் தங்கபுஷ்பத்துக்கும் நடுவே உள்ள இரட்டைக் கோட்டிலிருந்து கீழே இன்னொரு கோடு இறக்கினேன். சுபாஷினிக்கு இடது பக்கம், மூத்த பிள்ளை இருக்க வேண்டிய இடத்தில், ஒரு சதுரம் போட்டேன். குறுக்கே கோடு போட்டேன். ஸ்கேல் இல்லாததால் கோணலாக வந்தது. பிறகு சட்டைப் பையிலிருந்து உறையை எடுத்து டாக்டரிடம் கொடுத்தேன்.

அவர் படித்தார். முகம் மாறியது. மேஜை மணியை அடித்து நர்ஸைக் கூப்பிட்டார். “ரெண்டு பேருக்கும் இப்பவே ரத்தம் எடுக்கணும். எதைத் தேடணும்னு தெரிஞ்சுபோச்சு” என்றார்.

சுபாஷினி சதுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இது யாரு?”

“உன் அண்ணன்.”

“பேரு?”

“வைக்கல” என்றேன்.

“ராஜசேகர்” என்றாள் தங்கபுஷ்பம். “உங்க அப்பாதான் வச்சாக. சாத்தூர்ல போய்ப் பதிவு பண்ணிட்டு வந்தாக.”

உண்மைதான். நான்தான் பதிந்தேன்.

“கல்யாணத்துக்கு முன்னாடி நான் கேட்டேன்லப்பா” என்றாள் சுபாஷினி. கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“கேட்ட.”

“அப்ப உங்களுக்கு இது தெரியுமா?”

“தெரியும்மா.”

“மிருது பிறந்தப்ப?”

“தெரியும்.”

“போன வாரம் போன்ல கேட்டப்பவும்.”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். மகேந்திரன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். சுபாஷினி எழுந்து நர்ஸின் பின்னால் போனாள். திரும்பி வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போங்கள் மாமா என்று மகேந்திரன் மட்டும் சொன்னான். சாப்பிடாமல் வண்டியேறிவிட்டோம். என் மகள் என்னை இனிமேல் நம்ப மாட்டாள். நியாயம்தான்.

செப்டம்பர் 6, வெள்ளி

ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. இருவரிடமும் அந்தக் குறை இருக்கிறது. அவர்களுக்கு ஒன்றும் செய்யாது, குழந்தைக்கு நான்கில் ஒரு பங்கு. சுபாஷினி அம்மாவின் போனுக்குத்தான் பேசினாள். திங்கட்கிழமை வயிற்றில் ஊசி போட்டுக் கொஞ்சம் எடுத்துச் சோதிப்பார்களாம்.

செப்டம்பர் 9, திங்கள்

எடுத்தாகிவிட்டது. இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். தங்கபுஷ்பம் மதுரைக்குப் போய்விட்டாள். எனக்குச் சமையல் தெரியாது என்பது எனக்கே இன்றுதான் முழுதாகத் தெரிந்தது. ரசம் என்று ஒன்று வைத்தேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

பத்திரிகைக் கட்டு இரண்டையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன்.

செப்டம்பர் 21, சனி

தங்கபுஷ்பம் திரும்பி வந்தாள். சுபா சாப்பிடுகிறாள், தூங்குகிறாள் என்றாள். என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. “கேக்கல” என்று அவளே சொல்லிவிட்டாள்.

செப்டம்பர் 24, செவ்வாய்

மத்தியானம் பன்னிரண்டே காலுக்கு என் போன் அடித்தது. சுபாஷினி. ஒரு மாதம் கழித்து என் நம்பருக்கு.

“பிள்ளைக்கு அந்த நோய் இல்லப்பா” என்றாள்.

சுவரைப் பிடித்துக்கொண்டு தங்கபுஷ்பத்தைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் அடுப்படியிலேயே தரையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு ஓவென்று அழ வேண்டும் போல இருந்தது. மகள் காதில் விழும்படி அழ எனக்கு என்ன உரிமை என்றும் இருந்தது. ரொம்ப சந்தோஷம்மா என்று மட்டும் சொன்னேன்.

“டாக்டர் சார்ட்டை கம்ப்யூட்டர்ல ஏத்துறாங்க. எல்லாருக்கும் தேதி இருக்கு. அண்ணனுக்கு மட்டும் இல்ல. எப்பப் பிறந்தான், எப்பச் செத்தான்னு சொல்லுங்க.”

“பிறந்தது எண்பத்தேழு ஜூலை பதினெட்டு. போனது எண்பத்தெட்டு பிப்ரவரி பதினொண்ணு, காலைல ஒன்பது நாப்பது” என்றேன். நிறுத்த வேண்டும் என்று தெரிந்தது. நிறுத்த முடியவில்லை. “நான் டூட்டியில இருந்தேன்மா. பாசஞ்சர் அவுட்டர் சிக்னல்ல நின்னு கூவிக்கிட்டு இருந்துச்சு. உங்க அம்மா குவார்ட்டர்ஸ் வாசல்ல நின்னு கையாட்டுனா. எதுக்குன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. வண்டிய உள்ள வாங்கி, அனுப்பி வச்சுட்டுத்தான் போனேன். பதினாறு நிமிஷம். அவ ஒத்தையிலதான் வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா.”

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இந்த டைரியிலும் எழுதியதில்லை.

“எங்க புதைச்சீங்க?” என்று கேட்டாள் சுபாஷினி.

“ஸ்டேஷனுக்கு வடக்க, யார்டு முடியிற இடத்துல. வேலிக்கு அந்தப் பக்கம்.”

“ஞாயித்துக்கிழமை வர்றேன். கூட்டிட்டுப் போங்க. உங்ககூடப் பேசுறதுக்கு வரல. அவனைப் பாக்கணும், அவ்வளவுதான்.”

“வாம்மா. ஆனா அந்த ஸ்டேஷனை மூடியே பதினஞ்சு வருசமாச்சு. நான் மாத்தலாகி வந்ததுக்கப்புறம் அந்தப் பக்கமே போனதில்ல. முள்ளு மண்டிக் கிடக்கும். எந்த இடம்னு அடையாளம் இருக்குமான்னு தெரியல.”

“இருக்கு” என்றாள் தங்கபுஷ்பம்.

திரும்பிப் பார்த்தேன். தரையிலிருந்து எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“நாலு கல்லு நட்டு வச்சிருக்கேன். வருசா வருசம் போய் முள்ள வெட்டிட்டுத்தான் வர்றேன். சாத்தூர்க் கோயிலுக்குன்னு சொல்லிட்டுப் போவேன்ல, அது அங்கதான்.”

போனைக் காதில் வைத்தபடி நின்றேன். சுபாஷினி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவளும் வைக்கவில்லை.